பாசலில் குடியேறிய குடும்பம் எங்கே கடைக்குப் போகலாம்: உள்ளூரும் எல்லைக்கு அப்பாலும்

சென்னையிலிருந்து வேலை நிமித்தம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அண்மையில் வந்து சேர்ந்த, இரண்டு சிறு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம் கேட்டிருக்கும் கேள்வி இது: இங்குள்ள விலைவாசி மலைக்க வைக்கிறது, உடன் வேலை பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் ஜெர்மனிக்குப் போய் வாங்கச் சொல்கிறார்கள், அது உண்மையிலேயே இலாபமா, சட்டப்படி எவ்வளவு கொண்டுவரலாம், நம் சமையலுக்கு வேண்டியவை எங்கே கிடைக்கும்? என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் எல்லை தாண்டுவது நேரத்துக்கும் பணத்துக்கும் கேடு. உங்கள் மாதப் பட்டியலில் ஒரு பகுதிக்கு மட்டுமே அந்தப் பயணம் தகும். அந்தப் பகுதி எது என்று பிரித்தறிந்துகொண்டால், இந்த ஊரில் ஓரளவு நிம்மதியாகவே குடித்தனம் நடத்தலாம்.

பாசல் மூன்று நாடுகள் கூடும் முனையில் இருக்கும் நகரம். எட்டாம் எண் டிராம் 2014 டிசம்பர் முதல் ஜெர்மனியின் வைல் அம் ரைன் வரை ஓடுகிறது. மூன்றாம் எண் டிராம் 2017 டிசம்பர் முதல் பிரான்சின் சான் லூயி ரயில் நிலையம் வரை செல்கிறது. ஆறாம் எண் டிராமில் ஏறி ரீஹன் எல்லை நிறுத்தத்தில் இறங்கினால், நடக்கும் தொலைவில் லோராக் நகரின் ஸ்டெட்டன் பகுதி வந்துவிடும். லோராக்கின் மையத்துக்கே போக வேண்டுமென்றால் எஸ் 6 ரயில் இருக்கிறது. கார் இல்லாத குடும்பமும் எல்லை தாண்டிச் சாமான் வாங்க முடிகிற ஊர்கள் ஐரோப்பாவில் மிகக் குறைவு. பாசல் அவற்றுள் ஒன்று.

ஆனால் டிராமில் ஏறுமுன் உங்கள் குடியிருப்பு அனுமதி அட்டையைப் பற்றி ஒரு சொல். டிராம் நிற்காமல் போகிறது என்பதால் அது எல்லையே அல்ல என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். ஜெர்மனி 2023 அக்டோபரில் சுவிட்சர்லாந்து எல்லையிலும் சோதனையை மீண்டும் தொடங்கியது. எட்டாம் எண் டிராமிலும் காவலர்கள் ஏறி ஆவணங்களைப் பார்ப்பதுண்டு. இந்தியக் கடவுச்சீட்டும் பி அல்லது எல் அனுமதி அட்டையும் வைத்திருப்பவர்களுக்குத் தனி விசா தேவையில்லை, ஆனால் இரண்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும்; பிள்ளைகளுடையதும் அப்படியே. இங்குள்ள தமிழர்களில் தஞ்சம் கோரி வந்தவர்களும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: தஞ்சக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு வராதவர்களுக்குத் தரப்படும் ‘என்’ (N) அட்டை வைத்திருப்பவர்களும், தற்காலிக அனுமதியான எஃப் அட்டை வைத்திருப்பவர்களும், முன்கூட்டியே பயண அனுமதி பெறாமல் அந்த டிராமில் எல்லையைக் கடக்கக் கூடாது. ஒரு மூட்டை சலவைத்தூளுக்காக வழக்கில் சிக்கிக்கொள்வது வேண்டாம். அவர்களை உடன் வருமாறு அழைக்கும் நண்பர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி உள்ளூர். மிக்ரோ, கோப் ஆகிய இரண்டும் தெருவுக்குத் தெரு இருக்கும் பெரிய சங்கிலிக் கடைகள். புதிதாக வந்தவர்கள் முதலில் நுழைவது இவற்றில்தான், விலையைப் பார்த்துத் திகைப்பதும் இங்கேதான். ஆனால் இரண்டிலும் மலிவு வரிசைகள் இருக்கின்றன: மிக்ரோவில் எம்-பட்ஜெட், கோப்பில் பிரி கரன்டி. பால், தயிர், மாவு, சர்க்கரை, பாஸ்தா, உப்பு போன்றவற்றை இந்த வரிசைகளில் வாங்கினால் ஜெர்மன் விலைக்கும் இங்குள்ள விலைக்கும் உள்ள இடைவெளி பெரிதும் சுருங்கிவிடும். ஆல்டி, லிடில் ஆகிய ஜெர்மன் நிறுவனங்களின் கிளைகளும், மிக்ரோ குழுமத்தைச் சேர்ந்த டென்னரும் இங்கே உண்டு. காய்கறி, பழம், முட்டைக்கு இவை போதும். மிக்ரோவில் மதுவும் புகையிலையும் விற்பதில்லை; 2022இல் கூட்டுறவு உறுப்பினர்களிடம் மது குறித்து வாக்கெடுப்பு நடத்தியபோதும் பழைய வழக்கமே நிலைத்தது. கடை மூடும் நேரம் நெருங்கும்போது, அன்றோ மறுநாளோ காலாவதியாகும் பொருள்களில் விலைக்குறைப்புச் சீட்டு ஒட்டிவிடுவார்கள். மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கோழி, மீன், பன்னீர் போன்ற பாலாடைக்கட்டி ஆகியவற்றைப் பாதி விலைக்குக் கூட எடுக்கலாம். அன்றே சமைத்துவிடுவது அல்லது உறைபெட்டியில் வைத்துவிடுவது நல்லது.

நம் சமையலுக்கு வேண்டியவற்றுக்கு ஜெர்மனிக்கே போக வேண்டியதில்லை. 1980களில் தொடங்கி இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் சுவிட்சர்லாந்துக்கு வந்து சேர்ந்ததன் பயனாக, பாசல், பெர்ன், சூரிச் போன்ற நகரங்களில் தமிழர் நடத்தும் கடைகள் நிலைபெற்றிருக்கின்றன. சிவப்புப் பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து, துவரம்பருப்பு, வறுத்த மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால், மாசிக்கருவாடு, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் அங்கே கிடைக்கும். விமானத்தில் வரும் காய்கறிகள் பெரும்பாலும் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் வந்திறங்கும். எந்த நாள் என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் கறிவேப்பிலையும் வெண்டைக்காயும் வாடாமல் கைக்கு வரும். சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு இலங்கை மிளகாய்த்தூள் சற்றுக் கருத்தும் மணம் மாறியும் தோன்றும், ஏனென்றால் அதில் மல்லி, சீரகம் முதலியவற்றையும் சேர்த்து வறுத்து அரைக்கிறார்கள். சாம்பாருக்குத் தனி மிளகாய்த்தூள் கேட்டு வாங்குங்கள். அரிசியும் பருப்பும் பெரிய மூட்டையாக எடுத்தால் கிலோ விலை நன்றாகவே இறங்கும். கொத்தமல்லி, புதினா, கத்தரிக்காய், ஆட்டிறைச்சி ஆகியவற்றுக்கு ரைன் ஆற்றின் வலக்கரையில் உள்ள கிளைன்பாசல் பகுதியின் துருக்கியக் கடைகளும் கைகொடுக்கும். அங்கே கொத்தமல்லி கட்டுக் கட்டாகக் கிடைக்கும், பெரிய கடைகளிலோ சிறு பொட்டலத்தில் நாலைந்து தண்டுகள்தான் இருக்கும்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் எல்லாவற்றையும் அடைத்து வரலாம் என்ற எண்ணத்துக்கும் வரம்பு உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியும், பால் பொருளும் கொண்டுவர முடியாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். பச்சைக் காய்கறி, பழம், இலை ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், டுரியன், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டுமே அதிலிருந்து விலக்கு. அம்மா ஆசையாகப் பறித்துக் கொடுத்த கறிவேப்பிலையை விமான நிலையத்தில் பறிகொடுப்பதைவிட, காயவைத்துப் பொடியாக்கிய பொருள்களாகவே கொண்டுவருவது நல்லது.

அப்படியானால் ஜெர்மனிக்கு எதற்குப் போக வேண்டும்? முதலாவது, வீட்டுத் துப்புரவும் உடல் பராமரிப்பும் சார்ந்த பொருள்கள். டிஎம், ராஸ்மன், முல்லர் என்ற மூன்று சங்கிலிக் கடைகளில் குழந்தை அரைக்கச்சை (டயபர்), ஈரத்துடைப்பான், சலவைத்தூள், பற்பசை, ஷாம்பு, குழந்தை உணவு ஆகியவை பாசல் விலையில் பாதி அளவுக்குக் கிடைப்பது வழக்கம். இவை கெட்டுப்போகாதவை, மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வாங்கலாம். இரண்டாவது, இறைச்சி. சுவிட்சர்லாந்தில் இறைச்சி விலை ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். உள்நாட்டு விவசாயிகளைக் காப்பதற்காக இறக்குமதிக்கு அளவு வரம்பும் உயர்ந்த தீர்வையும் வைத்திருப்பதே அதற்கு முதன்மையான காரணம். மூன்றாவது, மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் வாங்கும் காய்ச்சல், வலி மருந்துகள். சொந்தப் பயனுக்கு ஏறத்தாழ ஒரு மாதத் தேவை வரை கொண்டுவரலாம். வைல் அம் ரைனில் டிராம் முடியும் இடத்திலேயே டிரைலாண்டர் கலரி என்ற வணிக வளாகம் இருக்கிறது. ஆற்றோரம் பிரீட்லிங்கன் பகுதியில் ரைன் சென்டர் இருக்கிறது. கூட்டம் பிடிக்காதவர்களுக்கு லோராக்கின் நடைபாதைத் தெருக்கள் மேல் என்பது என் கருத்து: கடைகள் அருகருகே இருக்கும், பிள்ளைகள் காலாற நடக்கலாம்.

இந்தப் பயணத்தின் கணக்கு நாணய மாற்றையும் பொறுத்தது. 2015 ஜனவரி 15ஆம் நாள் சுவிஸ் தேசிய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று காத்து வந்த வரம்பைத் திடீரெனக் கைவிட்டது. பிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாய்ந்தது. அடுத்த நாட்களில் எல்லைக்கு அப்பாலுள்ள கடைகளில் நிற்க இடமில்லை. பிராங்கில் சம்பளம் வாங்குபவருக்கு யூரோவில் செலவழிப்பது அன்று தொட்டு இன்னும் அனுகூலமாகவே இருந்துவருகிறது.

ஜெர்மன் விற்பனை வரியைத் திரும்பப் பெறும் முறையைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதில்தான் குழப்பம் மிகுதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் பொருளைத் தாமே வெளியே எடுத்துச் சென்றால், அந்த வரியைத் திருப்பித் தரக் கடைக்கு வழியுண்டு. தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் எல்லையோரக் கடைகளில் பெரும்பாலானவை தருகின்றன. பணம் செலுத்தும்போதே பச்சைச் சீட்டு வேண்டும் என்று கேளுங்கள். கடைக்காரர் அந்தப் பச்சை நிற ஏற்றுமதிச் சீட்டை எடுத்து, அதனுடன் விலைச்சீட்டை இணைத்துக் கொடுப்பார். உங்கள் பெயர், முகவரி, கடவுச்சீட்டு எண் ஆகியவற்றை அதில் நிரப்ப வேண்டும். எல்லையில் ஜெர்மன் சுங்கச் சாளரத்தில் பொருள், சீட்டு, கடவுச்சீட்டு, அனுமதி அட்டை நான்கையும் காட்டினால் முத்திரை குத்துவார்கள். டிராமிலேயே அமர்ந்து எல்லையைக் கடந்துவிட்டால் முத்திரை கிடையாது. சுங்கச்சாவடி உள்ள நிறுத்தத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். முத்திரையிட்ட சீட்டை அடுத்த முறை போகும்போது அதே கடையில் கொடுத்தால் பணத்தைத் தருவார்கள், அல்லது அன்றைய கொள்முதலில் கழித்துக்கொள்வார்கள். 2020 ஜனவரி முதல் ஒரு சீட்டின் தொகை 50 யூரோவுக்கு மேல் இருந்தால் மட்டுமே இது செல்லும். இலட்சக்கணக்கான சிறு சீட்டுகளுக்கு முத்திரை குத்தியே சுங்க ஊழியர்களின் நேரம் கழிந்ததுதான் அந்த வரம்புக்குக் காரணம்.

திரும்பி வரும் தொகை எவ்வளவு? உணவுப்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஜெர்மன் வரி 7 விழுக்காடு, மற்றவற்றுக்கு 19. அதாவது 107 யூரோவுக்கு மளிகை வாங்கினால் 7 யூரோ வரும். 119 யூரோவுக்கு அரைக்கச்சையும் சலவைத்தூளும் வாங்கினால் 19 யூரோ வரும். வெறும் மளிகைக்காகச் சுங்கச் சாளரத்தின் வரிசையில் சனிக்கிழமை பிற்பகலில் குழந்தையோடு நிற்பது தகுமா என்பதை இந்தக் கணக்கை வைத்து நீங்களே முடிவு செய்யலாம். நான் 19 விழுக்காடு உள்ளவற்றைத் தனிச் சீட்டாகச் சேர்த்து வாங்கச் சொல்வேன்.

இனி சுவிட்சர்லாந்து தரப்பு. ஒருவர் ஒரு நாளில் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பொருளின் மதிப்பு முன்பு 300 பிராங்காக இருந்தது. சங்க்ட் காலன், துர்காவ் போன்ற எல்லை மாநிலங்கள் தங்கள் கடைக்காரர்கள் நலிகிறார்கள் என்று தொடர்ந்து வலியுறுத்தியதன் பேரில், 2025 ஜனவரி 1 முதல் அது 150 பிராங்காகக் குறைக்கப்பட்டது. குழந்தைக்கும் இந்த வரம்பு உண்டு. ஆகவே நால்வர் சேர்ந்து வந்தால் 600 பிராங்க் வரை வரி இல்லை. ஆனால் ஒரே பொருளின் விலை 150 பிராங்கைத் தாண்டினால் அதை நால்வருக்குப் பங்கிட முடியாது. விலைச்சீட்டில் வெளிநாட்டு வரி தனியாகக் காட்டப்பட்டிருந்தால், அதைக் கழித்த தொகையே கணக்கில் கொள்ளப்படும். விலைச்சீட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதற்கு இதுவே போதுமான காரணம். வரம்பைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முழுத் தொகைக்கும் வரி: உணவுக்கு 2.6 விழுக்காடு, மற்றவற்றுக்கு 8.1. தனியாகப் போனவர் 160 பிராங்குக்கு மளிகை வாங்கியிருந்தால் 4 பிராங்கும் சில்லறையும்தான் கட்ட வேண்டும். சுங்கத் துறையின் குவிக்சோல் என்ற செயலியில் எல்லையைக் கடக்கும் முன்பே கைப்பேசியில் அறிவித்துப் பணமும் கட்டிவிடலாம். இவ்வளவு சிறிய தொகையை மறைக்கப் போய் அபராதம் கட்டும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அனுமதி அட்டையை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நிலையில் இருப்பவர்கள் இந்த விஷயத்தில் துளியும் அலட்சியம் காட்டக் கூடாது.

மதிப்பு வரம்பு வேறு, எடை வரம்பு வேறு. இறைச்சியும் அதனால் செய்த பண்டங்களும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 கிலோ. அதற்கு மேல் கிலோவுக்கு 17 பிராங்க் தீர்வை, மிகையான எடை 10 கிலோவைத் தாண்டினால் 23. வெண்ணெயும் கிரீமும் சேர்த்து 1 கிலோ; சமையல் எண்ணெய் 5 லிட்டர். 18 விழுக்காடு வரை சாராயம் உள்ள மது 5 லிட்டரும் அதைவிடக் கடுமையானது 1 லிட்டரும், 17 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். நால்வர் கொண்ட குடும்பம் 4 கிலோ ஆட்டிறைச்சி கொண்டுவரலாம், ஆனால் நால்வரும் உடன் இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவருக்கும் சேர்த்து ஒருவர் வாங்கி வர முடியாது. நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று, மீனும் இறாலும் நண்டும் இந்த இறைச்சி வரம்பில் சேராது என்பது. அவை 150 பிராங்க் மதிப்புக்குள் இருந்தால் போதும். பாலாடைக்கட்டி, பால், காய்கறி, பழம் ஆகியவற்றுக்கும் எடைக் கட்டுப்பாடு இல்லை.

மீனுக்காகவே பிரான்சை நினைவூட்டுகிறேன். சான் லூயியைச் சுற்றியுள்ள பெரும் கடைகளில் மீன் பகுதி நன்றாக இருக்கும். பனிக்கட்டியின் மேல் முழு மீனாகப் பரப்பி வைத்திருப்பார்கள், கண்ணையும் செவுளையும் பார்த்து வாங்கலாம், கேட்டால் செதில் நீக்கியும் கொடுப்பார்கள். அருகிலுள்ள வில்லேஜ் நெஃப் காய்கறித் தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். இளவேனிற் காலத்தில் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனமான வெள்ளை அஸ்பராகஸ் அங்கே நேரடியாகக் கிடைக்கும். பிரெஞ்சு வரியைத் திரும்பப் பெற 100 யூரோவுக்கு மேல் வாங்க வேண்டும், உணவுக்கான வரியோ பெரும்பாலும் 5.5 விழுக்காடுதான், எனவே அங்கே வரிச்சீட்டைப் பற்றிக் கவலைப்படாமல் வாங்கிவிட்டு வாருங்கள்.

நாட்களைப் பார்த்துப் போவது முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பாசலிலும் ஜெர்மனியிலும் கடைகள் மூடியிருக்கும். பிரான்சின் பிற பகுதிகளில் ஞாயிறு காலை திறப்பது வழக்கம் என்றாலும், சான் லூயி இருக்கும் அல்சாஸ் பகுதிக்குத் தனிச் சட்ட மரபு உண்டு. அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பொதுவாக மூடியே இருக்கும், புனித வெள்ளியும் டிசம்பர் 26ஆம் நாளும் அங்கே விடுமுறை. ஞாயிறன்று பால் தீர்ந்துபோனால் பாசல் எஸ்பிபி ரயில் நிலையத்தில் உள்ள கடைகள்தான் புகலிடம். ஆகஸ்ட் 1 சுவிஸ் தேசிய நாள். இங்கே கடைகள் அடைத்திருக்க, வைல் அம் ரைனில் எள் விழ இடமிருக்காது. அக்டோபர் 3 ஜெர்மனிக்கு விடுமுறை, ஜூலை 14 பிரான்சுக்கு, நவம்பர் 1 இரண்டு பக்கமும். வார நாள் காலையில் போக முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சனிக்கிழமை தவிர வேறு நாள் இல்லாதவர்கள் கடை திறக்கும்போதே போய்விடுங்கள்.

பணம் செலுத்தும்போது அட்டை இயந்திரம் யூரோவிலா பிராங்கிலா என்று கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். பிராங்கைத் தேர்ந்தால் அந்த இயந்திரத்தின் மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும். ஜெர்மனியில் சிறு கடைகளில் வெளிநாட்டு அட்டையை ஏற்காதவையும் உண்டு, ஆகவே கொஞ்சம் யூரோ நோட்டு கையில் இருக்கட்டும். அங்கே வாங்கும் பானங்களின் பெரும்பாலான நெகிழிப் புட்டிகளுக்கும் தகரக் குவளைகளுக்கும் ஒன்றுக்கு 25 சென்ட் முன்பணம் விலையோடு சேர்த்து வாங்குவார்கள். பாசலில் உள்ள கடைகள் அதைத் திருப்பித் தராது. காலிப் புட்டிகளை நசுக்காமல் சேர்த்து வைத்து, அடுத்த முறை கடை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டு, அது தரும் சீட்டைக் கல்லாவில் காட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் பார்த்தால் இது சிறு தொகை அல்ல.

கடைசியாக, பெரிய பொருள்கள். இணையத்தில் ஜெர்மன் விலைக்கு வாங்கி, வைல் அம் ரைன் அல்லது லோராக்கில் உள்ள பொதி சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்பச் சொல்லி, சிறு கட்டணத்துக்கு எடுத்துவரும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. அதற்கும் 150 பிராங்க் விதி அப்படியே பொருந்தும். மின்சாதனங்களை அப்படி வாங்க நான் பரிந்துரைப்பதில்லை. இரு நாட்டு வரிக்கும் உள்ள வேறுபாட்டால் சுவிட்சர்லாந்தில் அவற்றின் விலை பல சமயம் சமமாகவே இருக்கும். ஜெர்மன் சாதனங்களின் தடித்த வட்டச் செருகியோ சுவிஸ் சுவர்த் துளையில் நுழையாது, பழுதானால் எல்லை தாண்டித் தூக்கிச் செல்லவும் வேண்டும். மிக்சியும் கிரைண்டரும் தமிழ்க் கடைகளிலேயே விசாரிக்கலாம். கட்டில், மேசை, அலமாரிக்கு இங்கே புரோக்கி என்று அழைக்கப்படும் பழைய பொருள் கடைகளை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வேலை மாறி ஊரைவிட்டுப் போகிறவர்கள் அடிக்கடி இருக்கும் நகரம் என்பதால் நல்ல மரச்சாமான்கள் மலிவாக வந்து சேர்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருப்போமா என்று தெரியாத குடும்பம் புதியதாக எதையும் வாங்குமுன் அங்கே போய்ப் பார்ப்பது நல்லது.